ஒயின் என்பது எது என்று கேட்ட ஊர்கள்

தமிழ்நாட்டில் ‘ஒயின்ஷாப்’ என்றொரு சொல் நெடுங்காலம் வழங்கிவந்தது. 2003இல் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே ஏற்றுக்கொண்ட பிறகு ‘டாஸ்மாக்’ என்ற பெயர் அதைச் சற்றே ஓரங்கட்டிவிட்டது. அந்தக் கடைகளில் பிராந்தி கிடைக்கும், ரம் கிடைக்கும், பீர் கிடைக்கும். ஒயின் கேட்டு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மறுபுறம், நம் விவிலிய மொழிபெயர்ப்பாளர்கள் தந்துவிட்டுப்போன ‘திராட்சரசம்’ என்ற சொல்லில் பழம் உள்ளேயே இருக்கிறது; பழத்தை எடுத்துவிட்டால் சொல்லும் நில்லாது. ஆக, ஒரு பொருளுக்கு நம்மிடம் உள்ள இரு பெயர்களில் ஒன்று எதை வேண்டுமானாலும் குறிக்கும். மற்றது ஒன்றை மட்டுமே குறிக்கும். சொற்களில் ஈடுபாடுள்ள நமக்கு இது ஒரு சுவையான செய்தி, அவ்வளவுதான். ஆனால் தென்பிரான்ஸின் சிற்றூர்களில் இதே வேறுபாட்டுக்காக 1907இல் இலட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தனர்; சிலர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். அந்த ஊர்களின் கதையைத்தான் இங்கே சொல்ல முற்படுகிறோம்.

மத்தியதரைக் கடலை ஒட்டி, ரோன் ஆற்றுக்கும் பிரெனே மலைகளுக்கும் இடையே கிடக்கும் நிலப்பரப்புக்கு லாங்டாக் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அங்கே கோதுமை விளைந்தது, ஒலிவ மரங்கள் நின்றன, ஆடுகள் மேய்ந்தன, லொதேவ், கர்கசோன் போன்ற நகரங்களில் கம்பளித் துணி நெய்தார்கள். திராட்சையும் இருந்தது, பலவற்றுள் ஒன்றாக இருந்தது. நூற்றாண்டின் நடுவில் இரயில் பாதை வந்து பாரிஸையும் வடக்கின் சுரங்க, ஆலை நகரங்களையும் அருகில் கொண்டுவந்தது. உழைப்பாளி மக்கள் அன்றாடம் குடிக்கும் மலிவான சிவப்பு ஒயினுக்கு அங்கே முடிவில்லாத தேவை இருந்தது. கோதுமை வயல்களும் ஒலிவத் தோப்புகளும் அழிந்து திராட்சை படர்ந்தது. படர்ந்தது என்ற சொல் தமிழ் வாசகர்க்குக் கம்பம் பள்ளத்தாக்கின் பந்தல்களை நினைவூட்டக்கூடும். லாங்டாக்கில் அந்நாளில் பந்தல் கிடையாது, கம்பியும் கிடையாது. முழங்கால் உயரத்துக்கு முறுக்கிக்கொண்டு நிற்கும் கட்டைகளாக, வரிசை வரிசையாக, குன்றிலிருந்து கடற்கரை மணல்வரை செடிகள் நிற்கும்.

அவ்வூர்களின் வீடுகளே இதைச் சொல்லும். தரைத்தளத்தில் வண்டி நுழையும் அளவுக்கு அகன்ற கதவு. உள்ளே குதிரை, வண்டி, ஏர், மரத்தொட்டிகள், மிடாக்கள். மனிதர்கள் மாடியில் வாழ்ந்தார்கள். புளிக்கும் திராட்சையின் மணத்துக்கு மேலே பாய் விரித்துப் படுத்தவர்கள் என்றே சொல்லலாம். குளிர்காலத்தில் கிளை கழித்தல், வசந்தத்தில் உழவு, கோடையில் கந்தகத் தூளும் மயில்துத்தமும் தெளித்தல், செப்டம்பரில் அறுவடை. அறுவடைக்கு மலைப்பகுதிகளிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் ஆட்கள் கூட்டங் கூட்டமாக இறங்கி வருவார்கள். பெண்கள் குலைகளை வெட்டுவார்கள், ஆண்கள் கூடைகளைச் சுமப்பார்கள். கூலியில் ஒரு பகுதி ஒயினாகவே தரப்படும். ஓர் ஊர் முழுவதும் ஒரே செடியை நம்பி வாழத் தொடங்கியபின் அவ்வூரில் ரொட்டிக்காரரும் கொல்லரும் பீப்பாய் செய்பவரும் பள்ளி ஆசிரியரும்கூட அந்தச் செடியைத்தான் நம்பி வாழ்கிறார்கள். இதன் ஆபத்து முதன்முறை வெளிப்பட்டது ஒரு பூச்சியின் வடிவில்.

1860களின் நடுவில் ரோன் ஆற்றோரத் தோட்டங்களில் காரணமின்றிச் செடிகள் காய்ந்தன. 1868இல் மோன்பெலியேவைச் சேர்ந்த தாவரவியலாளர் பிளான்ஷோனும் உடன் சென்றோரும் செத்த செடியை விட்டுவிட்டு, உயிரோடிருந்த அண்டைச் செடியைத் தோண்டிப் பார்த்தார்கள். வேர் முழுதும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மஞ்சள் நிறப் பேன்கள். செத்த வேரை விட்டுப் பூச்சி வேறிடம் போய்விடும் என்பதால்தான் அதுவரை எவர் கண்ணிலும் படவில்லை. ஃபிலோக்ஸெரா எனப்படும் இப்பூச்சி அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த திராட்சை நாற்றுகளோடு வந்தது. நீராவிக் கப்பல்களின் வேகம் பூச்சியைக் கடலில் சாகாமல் கரை சேர்த்தது என்று சொல்வதுண்டு. மருந்து கண்டுபிடிப்பவர்க்கு மூன்று இலட்சம் ஃபிராங்க் பரிசு என்று அரசு அறிவித்தது. மண்ணுக்குள் கார்பன் டைசல்ஃபைடைச் செலுத்திப் பார்த்தார்கள். குளிர்காலத்தில் வாரக்கணக்கில் தோட்டத்தை நீரில் மூழ்கடித்தார்கள். மணலில் பூச்சி வாழ்வதில்லை என்று கண்டு கடற்கரை மணலில் நட்டார்கள். இறுதியில் வென்றது ஒட்டுமுறை. பூச்சியோடு பழகிப்போன அமெரிக்க வேரின்மேல் பிரெஞ்சுக் கிளையை ஒட்டினார்கள். நோய் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்தே மருந்தும் வந்தது. இன்றும் உலகின் பெரும்பாலான திராட்சைத் தோட்டங்கள் அந்த அமெரிக்க வேர்களின்மேல்தான் நிற்கின்றன.

மருந்து கிடைத்தது, ஆனால் அதற்குள் 1875இல் சுமார் 840 இலட்சம் ஹெக்டோலிட்டராக (ஒரு ஹெக்டோலிட்டர் நூறு லிட்டர்) இருந்த பிரான்ஸின் ஒயின் உற்பத்தி, 1880களின் இறுதியில் 240 இலட்சத்துக்கும் கீழே போயிருந்தது. நம் கதைக்கு முக்கியமான திருப்பம் இங்கேதான் இருக்கிறது. உற்பத்தி குறைந்ததே தவிர, குடிப்பவர் குறையவில்லை. இடைவெளியை இட்டு நிரப்ப மூன்று வழிகள் பிறந்தன. ஒன்று, அல்ஜீரியா. பூச்சியால் நிலமிழந்த லாங்டாக் உழவர்கள் பலரும் அங்கே குடியேறி, காலனியாதிக்கம் பிடுங்கித் தந்த மண்ணில் திராட்சை நட்டார்கள். இரண்டாவது, கிரேக்கத்திலிருந்தும் துருக்கியிலிருந்தும் வந்த உலர்திராட்சையை ஊறவைத்துப் புளிக்க வைப்பது. மூன்றாவது, பிழிந்தெடுத்த சக்கையின்மேல் நீரும் பீட்ரூட் சர்க்கரையும் கொட்டி மீண்டும் புளிக்க வைப்பது. கானாவூர்க் கலியாணத்தில் ஒருமுறை நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் அற்புதம் பிரான்ஸின் கிடங்குகளில் நாள்தோறும் நிகழத் தொடங்கியது.

சட்டம் வாளாவிருக்கவில்லை. புதிய திராட்சையைப் புளிக்க வைத்துப் பெறுவதன்றி வேறெதையும் ஒயின் என்ற பெயரில் விற்கலாகாது என்று 1889லேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டுவிட்டது. ஏட்டில் அது இருந்தது. 1903இல் சர்க்கரை மீதான வரியை அரசு வெகுவாகக் குறைத்தது. வடக்கே பீட்ரூட் பயிரிடுவோர்க்கும் சர்க்கரை ஆலை முதலாளிகளுக்கும் அது நல்ல செய்தி. தெற்கே, ஒயின் என்ற சொல்லுக்குச் சட்டம் தந்த பொருளைச் சந்தை மெல்ல அழித்துக்கொண்டிருந்தது.

இதற்குள் லாங்டாக் தன் தோட்டங்களை மறுபடி நட்டு முடித்திருந்தது. நடுவதற்குக் கடன் வாங்க வேண்டியிருந்தது. கடனை அடைக்க அதிகம் விளைய வேண்டியிருந்தது. எனவே குன்றுச் சரிவுகளை விட்டுச் சமவெளிக்கு இறங்கினார்கள்; ஆராமோன் என்ற இரகத்தை நட்டார்கள். குலை குலையாகக் காய்க்கும் இரகம் அது. அதன் ஒயின் மெலிந்தது, வெளிறியது, வீரியம் குன்றியது. நிறமும் வலுவும் சேர்க்க அல்ஜீரிய ஒயினைக் கலந்தாக வேண்டும். போட்டியாளனிடமே கைநீட்ட வேண்டிய நிலை. 1900க்குப் பிறகு தொட்டிகள் நிரம்பி வழிந்தன. விலை சரிந்துகொண்டே போனது. உற்பத்திச் செலவுகூடத் திரும்பாத ஆண்டுகள் வந்தன. கடைக்காரர் கடன் தர மறுத்தார், வங்கி நிலத்தைக் கேட்டது, கூலியாட்களுக்கு வேலையில்லை. 1903-04 குளிர்காலத்தில் கூலித் தொழிலாளர்களின் வேலைநிறுத்தங்கள் ஊர் ஊராகப் பரவின. நல்ல ஒயின் இருக்கிறது, தின்ன ரொட்டியில்லை என்று பின்னாளில் ஊர்வலப் பதாகைகளில் தங்கள் ஒக்சித்தான் மொழியில் எழுதிவைத்தார்கள். கிடங்கு நிறையச் சரக்கை வைத்துக்கொண்டு பட்டினி கிடப்பது பஞ்சத்தினும் வேறான ஒரு கொடுமை. பஞ்சத்தில் வானத்தைக் குறை சொல்லலாம்.

*

ஆர்ஜெலியே என்பது நார்போன் நகருக்கு வடக்கே உள்ள ஒரு சிறிய ஊர். அங்கே மார்செலின் அல்பேர் என்றொருவர் இருந்தார். 1851இல் பிறந்தவர், கொஞ்சம் திராட்சை நிலம், ஒரு காப்பிக்கடை, ஊர் நாடகக் குழுவில் நடிப்பு. மெலிந்த உடல், தாடி, ஓயாத பேச்சு. மரத்தின்மேல் ஏறிநின்று பேசுவார் என்பதால் ஊரார் அவரைச் சில்வண்டு என்று பொருள்படும் பட்டப்பெயரால் அழைத்தார்கள். இயற்கை ஒயினைக் காக்க வேண்டும், கலப்படத்தை ஒழிக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி, கேலிக்குரியவராகவும் ஆகியிருந்தார். 1907 மார்ச் 11 அன்று நாடாளுமன்ற விசாரணைக் குழு ஒன்று நார்போனுக்கு வந்தபோது, அல்பேரும் ஊராருமாக 87 பேர் அங்கு நடந்தே சென்று முறையிட்டுத் திரும்பினார்கள்.

அதன்பின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஓர் ஊரில் கூட்டம். முதலில் சில நூறு பேர், ஏப்ரலில் ஆயிரக்கணக்கில், மே 5 அன்று நார்போனில் எண்பதாயிரத்துக்கும் மேல், பிறகு பெஸியே, பெர்ப்பினியான், கர்கசோன், நீம். ஜூன் 9 அன்று மோன்பெலியேவில் ஐந்து இலட்சத்துக்குக் குறையாதோர் கூடினார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்நாளைய பிரான்ஸில் அதற்குமுன் இத்தகைய திரள் இல்லை. ஊர்ப் பெயர் எழுதிய பலகைகளோடு ஊர் ஊராக வந்தார்கள். பாதிரியாரும் பாதிரியாரைக் கண்டாலே ஆகாதவரும் ஒரே வரிசையில் நடந்தார்கள். பெருநிலக்கிழாரும் மூன்றாண்டுகளுக்குமுன் அவரை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த கூலியாளும் சேர்ந்து நடந்தார்கள். இந்த ஒற்றுமையை வியந்து எழுதியோர் பலர். நமக்கு அதில் சிறு ஐயம் உண்டு. விலை ஏறினால் நிலக்கிழாருக்கு இலாபம். கூலியாளுக்கோ வேலை கிடைக்கலாம் என்ற நம்பிக்கை மட்டுமே. எனினும் ஒருவரும் தானம் கேட்கவில்லை என்பதைக் குறிப்பிட்டே ஆகவேண்டும். அவர்களுடைய கோரிக்கையைச் சுருக்கினால் ஒரு வரிதான் மிஞ்சும்: ஒயின் என்று எழுதி விற்பது திராட்சையிலிருந்து வந்ததாக இருக்கட்டும்.

நார்போனின் மேயர் எர்னஸ்ட் ஃபெரூல் ஒரு மருத்துவர், சோஷலிஸ்ட், அல்பேருக்கு இல்லாத அரசியல் நுட்பம் உடையவர். வரி கொடாமை, நகராட்சிகள் ஒட்டுமொத்தமாகப் பதவி விலகல் என்று போராட்டத்தை அவர் வேறு தளத்துக்குக் கொண்டுசென்றார். ஜூன் 10 அன்று நார்போன் நகர்மன்றத்தில் கறுப்புக்கொடி ஏறியது. நூற்றுக்கணக்கான ஊராட்சிகள் தொடர்ந்தன. பாரிஸில் பிரதமராகவும் உள்துறை அமைச்சராகவும் இருந்தவர் ஜார்ஜ் கிளெமான்ஸோ. அவர் படையை அனுப்பினார். ஜூன் 19 அன்று ஃபெரூல் கைது செய்யப்பட்டார். அன்றும் மறுநாளும் நார்போன் தெருக்களில் படையினர் சுட்டனர். இறந்தவர்களுள் சந்தைக்கு வந்திருந்த இருபது வயதுப் பெண் ஒருத்தியும் உண்டு. பெர்ப்பினியானில் அரசு மாளிகைக்குத் தீ வைக்கப்பட்டது.

பதினேழாவது காலாட்படைப் பிரிவில் பெரும்பாலோர் பெஸியே வட்டாரத்து இளைஞர்கள்; கட்டாய இராணுவச் சேவையைச் சொந்த ஊருக்கு அருகிலேயே செய்துகொண்டிருந்தவர்கள். முன்னெச்சரிக்கையாக அவர்களை ஆக்த் என்ற துறைமுக ஊருக்கு மாற்றியிருந்தார்கள். நார்போனில் மக்களைச் சுட்டார்கள் என்ற செய்தி எட்டியதும், ஜூன் 20 இரவு ஏறக்குறைய ஐந்நூறு பேர் ஆயுதக்கிடங்கை உடைத்துத் தோட்டாக்களை எடுத்துக்கொண்டு பெஸியேவுக்கு நடந்தார்கள். விடிந்ததும் நகரின் நடுச்சாலை மரநிழலில் துப்பாக்கிகளைத் தலைகீழாகப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார்கள். மக்கள் ரொட்டியும் ஒயினும் கொண்டுவந்து கொடுத்தார்கள். தனித்தனியே தண்டனை இராது என்ற உறுதிமொழியின்பேரில் அன்றே படைமுகாமுக்குத் திரும்பினார்கள்; பிறகு துனீசியாவின் பாலைவனத்தில் உள்ள கஃப்சாவுக்கு அனுப்பப்பட்டார்கள். தந்தையர்மேல் சுடமாட்டோம் என்று மகன்கள் சொன்னதாகப் பாரிஸில் இதைப் பற்றி ஒரு பாட்டே கட்டப்பட்டது.

அல்பேர் என்னவானார்? கைதுக்கு ஒளிந்திருந்த அவர் ஒருவரிடமும் கலக்காமல் பாரிஸுக்கு இரயிலேறினார். ஜூன் 23 அன்று கிளெமான்ஸோவை நேரில் பார்த்தார். அரசியலில் ஊறிய அம்மனிதர் எதிரே இந்த நாடக நடிகர் உருகிவிட்டார். கண்ணீர் விட்டார் என்றும் சொல்கிறார்கள். ஊருக்குத் திரும்பி மக்களை அமைதிப்படுத்துவதாக ஒப்புக்கொண்டார். திரும்பிப் போகக் கையில் காசில்லை. கிளெமான்ஸோ நூறு ஃபிராங்க் நோட்டு ஒன்றைக் கொடுத்தார். அல்பேர் வாங்கிக்கொண்டார். அவர் வெளியேறியதும் பத்திரிகையாளர்களை அழைத்து, நோட்டின் கதையையும் சேர்த்துச் சொல்லிவிட்டார் பிரதமர்.

ஐந்து இலட்சம் பேர் மீட்பர் என்று கூவிய மனிதர் ஒரு வாரத்தில் விலைபோனவர் ஆனார். சொந்த ஊரில் அவரை அடிக்க வந்தார்கள். அவரே சென்று மோன்பெலியே சிறையில் சரணடைந்தார். விடுதலையானபின் சில காலம் அல்ஜீரியாவில் வாழ்ந்தார். 1921இல் ஆர்ஜெலியேவில் வறுமையில் இறந்தார். ஒரு வார்த்தைக்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டும் என்று ஆயுள் முழுக்கக் கத்தியவருக்கு, இரயில் கட்டணம் என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருக்கக்கூடும் என்று தோன்றவில்லை. சூழ்ச்சி என்ற வகையில் கிளெமான்ஸோ செய்தது அப்பழுக்கற்றது, அதனாலேயே அருவருப்பானது.

*

துப்பாக்கிச் சூட்டுக்குப் பத்து நாட்களுக்குள், ஜூன் 29 அன்று, சட்டம் வந்தது. செப்டம்பரில் வந்த அரசாணை, புதிய திராட்சை அல்லது அதன் சாறு புளித்து உண்டானதே ஒயின் என்ற வரையறையை மீண்டும் நிறுவியது. புதுமை வரையறையில் இல்லை, அதை நடைமுறையாக்கிய விதத்தில் இருந்தது. ஒவ்வோர் அறுவடைக்குப் பின்னும் ஒவ்வோர் உழவரும் தமக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு ஒயின், பழைய இருப்பு எவ்வளவு என்று ஊர் மன்றத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை யார் கேட்டாலும் காட்ட வேண்டும். நிலத்துக்கு மீறி ஒயின் பெருகினால் அண்டை வீட்டார்க்கே தெரிந்துவிடும். சிற்றூரில் வாழ்ந்தவர்க்கு இதன் கூர்மை விளங்கும். செப்டம்பர் 22 அன்று உழவர்களே சேர்ந்து அமைத்த கூட்டமைப்புக்கு, விடுதலையான ஃபெரூல் தலைவரானார். கலப்படக்காரர்களை நீதிமன்றத்துக்கு இழுப்பதை அது தன் வேலையாகவே வைத்துக்கொண்டது.

சர்க்கரை மட்டுமே குற்றவாளி என்று 1907இல் நம்பினார்கள். அது பாதி உண்மை. சமவெளியில் அளவுக்கு மீறி விளைந்த ஆராமோனும் அல்ஜீரியக் கப்பல்களும் மறுபாதி. கலப்படம் செய்பவனைத் திட்டலாம். தன் தோட்டத்துச் செடியை எப்படித் திட்டுவது? ஆகவே அப்பாதியைப் பற்றி மேடைகளில் குறைவாகவே பேசினார்கள். மேடைக்கு வெளியே சிலர் முன்பே வேறொரு வழியைத் தொடங்கியிருந்தார்கள். பெஸியேவுக்கு அருகில் மரோசான் என்ற ஊரின் சிறு உழவர்கள் 1901இல் கூட்டுறவாகச் சேர்ந்து இடைத்தரகரின்றிப் பாரிஸின் தொழிலாளர் கூட்டுறவுகளுக்கு ஒயின் விற்றார்கள். 1905இல் பொதுக் கிடங்கும் கட்டினார்கள். ழான் ஜோரெஸ் நேரில் சென்று பார்த்துப் பாராட்டினார். பின்னர் லாங்டாக்கின் ஊர்தோறும் கூட்டுறவுக் கிடங்குகள் எழுந்தன. மாதா கோயில் கோபுரத்துக்கு அடுத்தபடி ஊரில் கண்ணில்படும் பெரிய கட்டடம் பல இடங்களில் அதுவே.

வரையறை நிலைத்தது, விலை நிலைக்கவில்லை. 1976 மார்ச்சில் நார்போனுக்கு அருகே மோந்த்ரெதோனில் இறக்குமதி ஒயினை எதிர்த்த போராட்டத்தில் துப்பாக்கிகள் மறுபடி வெடித்தன. ஓர் உழவரும் ஒரு காவல் அதிகாரியும் இறந்தார்கள். பிரெஞ்சுக்காரர்களும் குடிப்பதைக் குறைத்துவிட்டார்கள். 1960களில் ஆளுக்கு ஆண்டுக்கு நூறு லிட்டருக்கு மேல் குடித்தவர்கள் இப்போது அதில் பாதிக்கும் கீழே வந்துவிட்டார்கள். ஒரு காலத்தில் நடுவதற்குக் கடன் வாங்கினார்கள் அல்லவா, பிறகு பிடுங்குவதற்கு அரசும் ஐரோப்பிய ஒன்றியமும் பணம் கொடுத்தன. 1970களில் இருந்த பரப்பில் ஏறத்தாழ பாதி போய்விட்டது. 2024இல் அறிவித்த திட்டத்தின்படி, இனி நடுவதில்லை என்று பிடுங்கும் ஒவ்வொரு ஹெக்டேருக்கும் 4,000 யூரோ.

பிடுங்கிய நிலம் பெரும்பாலும் புதராகிறது. 2025 ஆகஸ்ட் 5 அன்று ஓத் மாவட்டத்தின் கோர்பியேர் குன்றுகளில் பற்றிய தீ ஏறக்குறைய 16,000 ஹெக்டேரைத் தின்றது. அவ்வட்டாரத்து உழவர்கள் அப்போது சொன்னது ஒன்றுதான்: உழுது களையெடுத்த திராட்சை நிலத்தில் தீ தயங்கும், கைவிட்ட நிலத்தில் ஓடும். ஊர்களைச் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் தோட்டங்கள் இருந்த காலத்தில், ஒயினோடு சேர்ந்து இதற்கும் அந்தக் கட்டைகள் காவல் நின்றிருக்கின்றன. அதற்கு அவர்கள் எந்தக் காலத்திலும் விலை கேட்டதில்லை.